டாக்டர் ஃபிராய்டு போர்டைக் கழற்றிய நாள்

மனநோய்க்கென்று ஒரு தனி கிளினிக். அதைத் தொடங்கியது, நடத்தியது, கடைசியில் மூடியது: ஒரே டாக்டரின் 53 ஆண்டுக் கதை

1886-ஆம் ஆண்டு, ஏப்ரல் 25. ஈஸ்டர் ஞாயிறு. வியன்னா நகரமே விடுமுறையில் இருந்த அன்றைக்கு, முப்பது வயது நிறைய இன்னும் 11 நாள் பாக்கியிருந்த ஒரு டாக்டர் தன் கிளினிக்கைத் திறந்தார். பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம். பல்கலைக்கழகத்தில் நரம்பு நோய்களுக்கான விரிவுரையாளர், பாரிஸும் பெர்லினும் போய்ப் படித்துத் திரும்பியிருக்கிறார், ராட்ஹவுஸ் தெரு 7-ஆம் எண் வீட்டில் மதியம் 1 மணியிலிருந்து 2.30 வரை நோயாளிகளைப் பார்ப்பார் என்பது அதன் சாரம். தெருவாசலில் கறுப்புப் பின்னணியில் பொன்னெழுத்து போட்ட கண்ணாடிப் பலகை தொங்கியது. அதில் சிக்மண்ட் ஃபிராய்டு என்ற பெயர்.

1939 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, லண்டனில், அதே டாக்டர் தன் பிராக்டீஸை முறைப்படி மூடினார். அப்போது வயது 83.

ஃபிராய்டை நாம் கனவு, நனவிலி மனம், ஈடிபஸ் சிக்கல் என்று கொள்கைகளின் ஆளாகவே அறிந்திருக்கிறோம். அந்தக் கொள்கைகளில் பலவற்றை இன்றைய உளவியல் ஏற்பதில்லை. அந்த வழக்கு தனியாக நடக்கட்டும். நான் இங்கே பேச விரும்புவது, வாடகையும் ஆறு பிள்ளைகளின் செலவும் கழுத்தைப் பிடிக்க, காலையிலிருந்து இரவு வரை ஒரே அறையில் உட்கார்ந்து மற்றவர் துயரத்தைக் கேட்டுப் பிழைப்பு நடத்திய தனி டாக்டரைப் பற்றி. முன்கூட்டியே நேரம் வாங்குவது, குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பது, வராமல் போனாலும் கட்டணம் கேட்பது என்று இன்று சென்னையிலோ கோவையிலோ ஓர் உளவியலாளரின் அறையில் நாம் பார்க்கும் பழக்கங்களில் பல, அந்த டாக்டரின் தொழில் நெருக்கடியில் உருப்பெற்றவை. கிளினிக் தொடங்குவதையும் நடத்துவதையும் உலகம் அவரிடம் கற்றுக்கொண்டது. மூடுவதை அவரே மிகத் தாமதமாகத்தான் கற்றார். அந்தப் பாடத்தைக் கேட்க அப்போது ஆளில்லை. இப்போதும் அதிகம் பேர் இல்லை.

பிழைப்புக்காக வந்த தொழில்

சொந்த பிராக்டீஸ் வைக்கும் ஆசை ஃபிராய்டுக்கு முதலில் கிடையாது. எர்ன்ஸ்ட் ப்ரூக்கே என்ற பேராசிரியரின் உடலியல் ஆய்வுக்கூடத்தில் மீனின் நரம்பணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டு காலம் தள்ளவே விரும்பினார். 1881-ல் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் அங்கேயே இருந்தார். அடுத்த ஆண்டு ப்ரூக்கேயே அவரைக் கூப்பிட்டு, குடும்பத்தின் பண நிலைமையைப் பார்த்தால் ஆராய்ச்சி உனக்குச் சரிப்படாது, வேறு வழி பார் என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஜூனில் மார்த்தா பெர்னேஸுடன் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. கையில் காசில்லாத மாப்பிள்ளை. கல்யாணம் நான்கு ஆண்டு தள்ளிப்போனது.

வியன்னா பொது மருத்துவமனையில் சேர்ந்து துறை துறையாகச் சுற்றினார். 1885-ல் பல்கலைக்கழக விரிவுரையாளர் தகுதி கிடைத்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் போர்டில் போட்டுக்கொள்ளலாம். நோயாளிக்கு நம்பிக்கை வரும். அதே ஆண்டு ஒரு பயண உதவித்தொகையில் பாரிஸ் போய், ஹிஸ்டீரியா நோயாளிகளைப் பார்ப்பதில் ஐரோப்பாவெங்கும் பெயர் வாங்கிய ஷார்க்கோவிடம் சில மாதம் இருந்தார். திரும்பி வந்ததும்தான் அந்த ஈஸ்டர் ஞாயிறு.

புது டாக்டருக்கு நோயாளி எங்கிருந்து வருவார்? ஜோசஃப் ப்ராயரிடமிருந்து வந்தார்கள். ஃபிராய்டைவிட 14 வயது மூத்தவரான ப்ராயர், வியன்னாவின் பெரிய குடும்பங்கள் நம்பிய கைராசிக்கார டாக்டர். இளையவருக்கு மாதாமாதம் கடன் கொடுத்தார். தன்னிடம் வந்த நரம்புக்கோளாறு நோயாளிகளை அனுப்பிவைத்தார். மூத்த டாக்டர் ஒருவர் கை தூக்கிவிடாமல் தனி பிராக்டீஸ் எழும்புவதில்லை என்பது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. பின்னாளில் இருவரும் பிரிந்தார்கள். அந்தப் பிரிவில் ஃபிராய்டு காட்டிய கசப்பு, வாங்கிய உதவிக்குப் பொருத்தமானதாக எனக்குப் படவில்லை.

1886 செப்டம்பரில் கல்யாணம். புதுமணத் தம்பதி குடியேறிய கட்டடம், 1881-ல் நூற்றுக்கணக்கானவர்கள் தீயில் கருகி இறந்த ரிங் தியேட்டர் இருந்த இடத்தில் எழுப்பப்பட்டது. அங்கே குடிபோகப் பலர் தயங்கினார்கள். அவர் அங்கேயே குடும்பம் நடத்தினார், அங்கேயே நோயாளிகளையும் பார்த்தார்.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு துறையில் உண்மையாகவே பெயர் இருந்தது: குழந்தைகளின் மூளைவாதம். அதைப் பற்றி அவர் எழுதிய நூல்களை மற்ற டாக்டர்கள் மதித்தார்கள். குழந்தைகளுக்கான ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாள் சம்பளமில்லாமல் போய்ப் பார்த்துவந்தார். பெயர் வந்தது, வருமானம் வரவில்லை. வருமானத்துக்கு எல்லா வேலையும் செய்ய வேண்டியிருந்தது. தொண்ணூறு வயது தாண்டிய ஒரு மூதாட்டி வீட்டுக்குத் தினம் இரண்டு வேளை போய், கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மார்ஃபின் ஊசி போட்டுவிட்டு வருவாராம். ஒரு நாள் கவனப்பிசகில் கண்ணில் மார்ஃபினை விட்டுவிட்டுப் பதறியதை 1901-ல் எழுதிய நூலில் அவரே பதிவுசெய்திருக்கிறார். கனவு பற்றிய அவருடைய பெரும் நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத காலம் அது. அப்போதும் அவர் வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

யாருக்கும் வேண்டாதவர்கள்

தனித்துறை என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். ஃபிராய்டின் விஷயத்தில் நோயாளிகள்தான் அவருக்கான துறையைத் தேர்ந்தெடுத்தார்கள். உறுப்பில் கோளாறு உள்ள நரம்பு நோயாளிகள் குறைவு. அவர்களை மட்டும் நம்பினால் அடுப்பெரியாது. ஆனால் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாத வலியும், காரணம் தெரியாத கைகால் செயலிழப்பும், மூச்சடைப்பும், பயமுமாக டாக்டர் டாக்டராக அலைந்துகொண்டிருந்தவர்கள் ஏராளம். பெரும்பாலும் பெண்கள். நடிப்பு என்றும் பிடிவாதம் என்றும் சொல்லி மற்ற டாக்டர்கள் அவர்களைக் கைகழுவினார்கள். அவர்களை யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்த ஊரில், ஃபிராய்டு வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்ட பிறகுதான் கையில் மருந்தில்லை என்பது தெரிந்தது. பாடநூலில் சொன்னபடி மின்சாரச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். பாடநூல் சொன்ன பலன் எதுவும் வரவில்லை. மின்சாரக் கருவியை ஓரங்கட்டிவிட்டு 1887 இறுதியில் ஹிப்னாடிசத்துக்குத் தாவினார். எல்லோரையும் அதில் ஆழ்த்த முடியவில்லை. நரம்பு நோயாளிகளை நம்பிப் பிழைக்க நினைப்பவன் அவர்களுக்கு ஏதாவது உதவியாக வேண்டுமே என்ற நெருக்கடியைப் பிற்காலத்தில் தன்வரலாற்றுக் குறிப்பில் ஒளிக்காமல் எழுதினார்.

வழியைக் காட்டியது ஒரு நோயாளி. எம்மி என்ற புனைபெயரில் அவர் பதிவுசெய்திருக்கும் பணக்கார விதவை. இந்த வலி எங்கிருந்து வந்தது, அது எப்போது தொடங்கியது என்று ஃபிராய்டு துருவித் துருவிக் கேட்க, ஒரு நாள் அந்த அம்மாள் எரிச்சலடைந்து, சும்மா கேள்வி கேட்டுக்கொண்டே இருக்காமல் தான் சொல்ல வந்ததைச் சொல்லவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மருத்துவ வரலாற்றில் இதை நான் பெரிய தருணமாக நினைக்கிறேன். பேராசிரியர் பட்டம் தேடும் ஒரு டாக்டர், நோயாளி சொன்னதற்குக் கட்டுப்பட்டார். ப்ராயரும் அவரும் சேர்ந்து 1895-ல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வு நூலில் இது அச்சிலேயே இருக்கிறது.

இதற்கெல்லாம் உடனே பலன் வந்துவிடவில்லை. 1896 ஏப்ரலில் வியன்னாவின் மனநல மருத்துவ, நரம்பியல் சங்கத்தில் அவர் ஹிஸ்டீரியாவின் காரணம் பற்றிப் பேசியபோது, தலைமை வகித்த க்ராஃப்ட்-எபிங் அதை விஞ்ஞான தேவதைக் கதை என்று ஒதுக்கினார். அடுத்த மாதமே, தன் அறை காலியாகக் கிடக்கிறது என்று பெர்லின் நண்பர் ஃபிளீஸுக்கு ஃபிராய்டு எழுதினார். கனவுகளின் விளக்கம் நூல் 1899 நவம்பரில் வந்தது. அச்சிட்டது 600 பிரதி. விற்றுத்தீர எட்டு ஆண்டு ஆயிற்று. 1897-ல் பரிந்துரைக்கப்பட்ட பேராசிரியர் பட்டம் 1902 வரை இழுத்தடிக்கப்பட்டது. கடைசியில் நோயாளியான ஒரு சீமாட்டி அமைச்சரைப் பார்த்துப் பேசி, உருவாகவிருந்த ஓவியக் காட்சியகத்துக்கு ஒரு படம் தருவதாகச் சொன்ன பிறகுதான் நகர்ந்தது. பட்டம் வந்ததும் ஊர் அவரை வேறு கண்ணால் பார்த்தது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் நான்கு டாக்டர்களுக்கு அஞ்சலட்டை போட்டு, புதன்கிழமை தோறும் தன் காத்திருப்பு அறையிலேயே கூட்டம் நடத்தத் தொடங்கினார். கறுப்புக் காபி, சுருட்டு, விவாதம். உலக உளப்பகுப்பாய்வு இயக்கம் ஒரு கிளினிக்கின் முன்னறையில் பிறந்தது.

பெர்க்காஸே 19

1891 செப்டம்பரில் குடும்பம் பெர்க்காஸே தெரு 19-ஆம் எண் வீட்டுக்கு வந்தது. அடுத்த 47 ஆண்டு அங்கேதான். கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் இறைச்சிக் கடை. கடைக்காரர் பெயரும் சிக்மண்ட். மாடியில் வீடும் கிளினிக்கும் அடுத்தடுத்து.

அந்த அறையின் அமைப்பைக் கவனித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உள்ளே பேசுவது வெளியே கேட்காதபடி கதவுகள். பேசி முடித்து, அழுத முகத்தோடு எழுந்திருப்பவர் காத்திருப்பு அறையில் அடுத்தவர் கண்ணில் படாமல் போக, தனி வழி. நன்றியுள்ள ஒரு நோயாளி 1890 வாக்கில் பரிசளித்த நீண்ட சாய்வுக் கட்டில். அதன்மேல் பாரசீகக் கம்பளம், தலைமாட்டில் தலையணைகள். அதற்குப் பின்னால், நோயாளியின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் டாக்டரின் நாற்காலி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மற்றவர்கள் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று அவரே காரணம் எழுதியிருக்கிறார். படுத்துக்கொண்டு பேசும் முறைக்குப் பின்னாளில் எத்தனையோ தத்துவ விளக்கங்கள் வந்தன. முதல் காரணம் ஒரு தொழிலாளியின் களைப்பு.

காலை எட்டு மணி சுமாருக்கு முதல் ஆள். ஒவ்வொருவருக்கும் 55 நிமிடம். மீதி ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு, பிறகு வியன்னாவின் வட்டச் சாலையில் வேக நடை, மூன்று மணியிலிருந்து மறுபடி நோயாளிகள், இரவு ஒன்பது வரைகூட. அதற்குப் பிறகு எழுத்து. வாரத்தில் ஆறு நாள் இப்படி. கோடையில் மட்டும் நீண்ட விடுமுறை. வசதியான நோயாளிகளும் அப்போது ஊரில் இருக்க மாட்டார்கள்.

பணம் பற்றி 1913-ல் அவர் எழுதிய கட்டுரையைத் தொழில் தொடங்கும் ஒவ்வொருவரும் படிக்கலாம். காமத்தைப் பற்றிப் பேசக் கூசும் மனிதர்கள் பணத்தைப் பற்றிப் பேசவும் அதே அளவு கூசுகிறார்கள், எனவே டாக்டர் முதலில் தன் கூச்சத்தை விட வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு மணி நேரத்தை நோயாளிக்குக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. வந்தாலும் வராவிட்டாலும் அது அவருடையது, கட்டணமும் அவருடையது. பாக்கி சேரவிடாமல் குறுகிய இடைவெளியில் வசூலித்துவிட வேண்டும். கறாராகத் தெரியும். ஆனால் இந்த விதி வந்த பிறகு திடீர்த் தலைவலிகளும் திடீர் விருந்தாளிகளும் வெகுவாகக் குறைந்ததையும், நோயாளி வராமல் போகும் நாள்தான் பெரும்பாலும் முக்கியமான ஒன்று வெளிவரவிருந்த நாள் என்பதையும் கண்டதாக எழுதுகிறார். இலவசமாகப் பார்ப்பதையும் பத்து ஆண்டு தினம் ஒன்றிரண்டு மணி நேரம் செய்து பார்த்து, அது சிகிச்சைக்கே தடையாவதாகச் சொன்னார். இந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. 1918-ல் புடாபெஸ்டில் பேசியபோது அவரே ஏழைகளுக்கான இலவச மனநல நிலையங்கள் வேண்டும் என்று கேட்டார். 1920-ல் பெர்லினிலும் 1922-ல் வியன்னாவிலும் அவருடைய சீடர்கள் அவற்றைத் திறந்தும் காட்டினார்கள்.

முதல் உலகப் போர் அவருடைய சேமிப்பைத் தின்றது. ஆஸ்திரியப் பணம் காகிதமாயிற்று. அப்போது கைகொடுத்தவர்கள் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பயிற்சிக்காக வந்த டாக்டர்கள். ஒரு மணி நேரத்துக்கு 10 டாலர். காசோலை கூடாது, ரொக்கம். 1921-ல் அப்படி வந்த ஏப்ரம் கார்டினர் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். வாரத்துக்கு 30 மணி நேரம்தான் ஃபிராய்டிடம் இருந்தது. ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆனால் ஆறு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கூடுதல் நேரம் உழைக்க வீட்டில் சம்மதிக்கவில்லை. மகள் அன்னாதான் கணக்குப் போட்டாராம்: ஆறைந்தும் முப்பது, ஐந்தாறும் முப்பது, எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தால் ஒருவரையும் திருப்பியனுப்ப வேண்டாம். உளப்பகுப்பாய்வு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் என்று அமெரிக்காவில் வேரூன்றிய வழக்கத்தின் தொடக்கம் இதுதான் என்று கார்டினர் சொல்கிறார்.

முடியாத சிகிச்சைகள்

அதே 1913 கட்டுரையில் சதுரங்கத்தை உதாரணம் காட்டுகிறார் ஃபிராய்டு. ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளையும் இறுதி நகர்வுகளையும்தான் நூலில் சொல்லித்தர முடியும், நடுவில் உள்ளதெல்லாம் ஆடித்தான் பழக வேண்டும் என்கிறார். தொடக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார். இறுதியைப் பற்றி எழுத இன்னும் 24 ஆண்டு ஆயிற்று.

அதற்குள் எத்தனையோ முடிவுகள் அவரைச் சோதித்தன. டோரா என்ற புனைபெயரில் அறியப்படும் 18 வயதுப் பெண், 1900 டிசம்பர் 31 அன்று இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதத்திலேயே முறிந்த அந்தச் சிகிச்சையை ஃபிராய்டால் மறக்க முடியவில்லை. ஓநாய் மனிதர் என்று புகழ்பெற்ற ரஷ்ய நிலப்பிரபு செர்கெய் பான்கெயெஃப் இதற்கு நேரெதிர். 1910-ல் வந்தவர் போகவே இல்லை. பேசினார், ஒத்துழைத்தார், ஆனால் எதுவும் நகரவில்லை. நான்காம் ஆண்டில் ஃபிராய்டு ஒரு தேதி குறித்தார்: அன்றோடு சிகிச்சை முடியும், முடிந்தாலும் முடியாவிட்டாலும். தேதி நெருங்க நெருங்க, அதுவரை வராததெல்லாம் வந்தது. 1914 ஜூலையில் வெற்றி என்று இருவரும் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். ரஷ்யப் புரட்சியில் சொத்தெல்லாம் இழந்து 1919-ல் அவர் மறுபடி வியன்னா வந்தார். ஃபிராய்டு கட்டணமில்லாமல் மேலும் சில மாதம் பார்த்தார். அதன்பின் ஆறு ஆண்டு, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சீடர்களிடம் வசூல் செய்து கொடுத்தார். 1926-ல் வேறொரு பகுப்பாய்வாளரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. 1979-ல் வியன்னாவில் இறக்கும்வரை பான்கெயெஃப் யாராவது ஒரு பகுப்பாய்வாளரின் துணையில்தான் இருந்தார். நல்ல மனதோடு செய்த உதவிதான். ஆனால் டாக்டரே ஆதரவாளராகவும் ஆகிவிட்டால் நோயாளி எப்படி விடைபெறுவார்?

தன்னுடைய முடிவைப் பற்றி ஃபிராய்டுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. வேலையில்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்க முடியவில்லை, வேலை செய்துகொண்டிருக்கும்போதே சாக வேண்டும் என்று 1910-ல் நண்பர் ஃபிஸ்டர் பாதிரியாருக்கு எழுதினார். தனி பிராக்டீஸ் வைத்திருக்கும் எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் டாக்டர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டால், மறுநாள் காலை வந்து கதவைத் தட்டுகிறவரின் கதி என்ன என்ற கேள்வி அதில் இல்லை.

1923-ல் வாயில் புற்றுநோய். மேல்தாடையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, அங்கே செயற்கைத் தாடை பொருத்தினார்கள். பேச்சு குழறியது. பேச்சால் நடக்கும் வைத்தியத்தில் டாக்டரின் வாயிலேயே நோய். 1924 ஜனவரியில் ஆறு நோயாளிகளோடு மறுபடி உட்கார்ந்தார். வலது காது கேட்காமல் போனதால், இடது காதில் விழும்படி கட்டிலையும் நாற்காலியையும் மாற்றிப் போட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன, பதினாறு ஆண்டு. நிறுத்திவிடவில்லை, குறைத்தார். புதியவர்களைத் தவிர்த்து, பெரும்பாலும் பயிற்சி பெறுகிறவர்களையே பார்த்தார். 1923-லிருந்தே மகள் அன்னாவும் அதே வீட்டில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். இருவருக்கும் ஒரே காத்திருப்பு அறை. மகளைத் தானே பகுப்பாய்வு செய்தது இன்றைய தொழில் ஒழுக்கத்துக்கு அடுக்காது. ஆனாலும் தனக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அவர் வீட்டிலேயே விடை இருந்தது.

கடைசி ஆண்டுகளில் அந்த அறையில் ஜோஃபி என்ற நாயும் இருக்கும். ஒரு மணி நேரம் முடிந்ததும் அது எழுந்து சோம்பல் முறிக்கும். கடிகாரம் பார்க்க வேண்டாம். 1933-ல் சிகிச்சைக்கு வந்த அமெரிக்கக் கவிஞர் ஹில்டா டூலிட்டில் ஒரு காட்சி எழுதியிருக்கிறார். பேசிக்கொண்டிருந்தபோது 76 வயது ஃபிராய்டு திடீரென்று கட்டிலின் தலைமாட்டைக் கையால் ஓங்கிக் குத்தி, தான் கிழவன் என்பதால் தன்மேல் அன்பு வைப்பது வீண் என்று ஹில்டா நினைப்பதாகச் சொன்னாராம். முதுமை சிகிச்சைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த மனிதர் இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று யோசிக்கும் நோயாளி, எல்லாவற்றையும் கொட்ட மாட்டார்.

1937-ல், 81 வயதில், சிகிச்சை எப்போது முடிகிறது, அது முடியக்கூடியதுதானா என்ற கட்டுரையை ஒருவழியாக எழுதினார். ஓநாய் மனிதர் நிரந்தரமாகக் குணமானார் என்று நம்பியது தவறு என்று அதில் ஒப்புக்கொள்கிறார். தேதி குறிப்பது பலன் தரும், ஆனால் குறித்த தேதியைத் தள்ளிப்போட்டால் நோயாளி டாக்டர்மேல் நம்பிக்கை இழந்துவிடுவார் என்றும் எச்சரிக்கிறார்.

லண்டன், நான்கு பேர்

1938 மார்ச்சில் நாஜிப் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. அன்னாவை கெஸ்டபோ விசாரணைக்குக் கூட்டிப் போய் மாலையில் விட்டார்கள். அதன் பிறகுதான் யூதரான கிழவர் கிளம்பச் சம்மதித்தார். வெளியேறும் வரியாக 31,000 மார்க்குக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. மே மாதம் எட்முண்ட் எங்கெல்மான் என்ற இளைஞர், வீடு கண்காணிப்பில் இருந்ததால் ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வோர் அறையாகப் படமெடுத்தார். அந்த அறைகளை நாம் இன்று அறிவது அந்தப் படங்களால். ஜூன் 4-ல் ரயிலேறினார்கள். வியன்னாவில் விட்டுவிட்டு வந்த நான்கு தங்கைகளும் பின்னர் நாஜி முகாம்களில் இறந்தார்கள்.

லண்டனில் மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் 20-ஆம் எண் வீட்டில், மகன் எர்ன்ஸ்ட்டும் வீட்டுப் பணிப்பெண் பவுலாவும் பழைய அறையை அப்படியே மறுபடி அமைத்தார்கள். எந்தச் சிலை எந்த இடத்தில் இருந்தது என்பது பவுலாவுக்கு மனப்பாடம். கல்கத்தாவில் 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரிந்திரசேகர் போஸ், 75-ஆம் பிறந்தநாளுக்குச் சங்கத்தின் சார்பில் அனுப்பிய தந்தத்தாலான விஷ்ணு சிலையும் அவற்றில் ஒன்று. அந்த அறையில் தினம் நான்கு பேரைப் பார்த்தார். 1939 கோடையில் அதுவும் முடியாமல் போனது. ஆகஸ்ட் 1-ல் மூடினார். செப்டம்பர் 23-ல் இறந்தார்.

வேலையிலேயே சாக வேண்டும் என்று எழுதிய மனிதர், சாவதற்கு ஏழரை வாரம் முன்னால், தன் கையாலேயே பிராக்டீஸை முடித்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். எட்டு பத்து என்று இருந்ததை ஆறாக்கி, நான்காக்கி, பிறகு ஒரு தேதி. உடல் விட்டபோதுதான் செய்தார், அதுவும் தாமதமாகத்தான். ஆனாலும் அவரிடம் வந்துகொண்டிருந்தவர்களுக்கு விடைபெற ஒரு நாள் கிடைத்தது. அன்னா அதே வீட்டில் 1982-ல் இறக்கும்வரை தொழிலைத் தொடர்ந்தார். 1986-லிருந்து அது அருங்காட்சியகம்.

ஆவணங்களின் கதை வேறு மாதிரி. நோயாளி பற்றிக் கட்டுரை எழுதி முடித்ததும் குறிப்புகளை அழித்துவிடுவது ஃபிராய்டின் வழக்கம். எலி மனிதர் என்று அறியப்படும் நோயாளியின் நாட்குறிப்பு மட்டும் எப்படியோ தப்பியது. ஃபிளீஸுக்கு எழுதிய கடிதங்களை, சீடரான இளவரசி மரீ போனபார்ட் ஒரு வியாபாரியிடமிருந்து வாங்கி, அழிக்கச் சொல்லி ஃபிராய்டு வற்புறுத்தியும் மறுத்துவிட்டார். 1985-ல் அவை முழுமையாக அச்சேறின. காலி அறையும் பணக் கவலையும் நமக்குத் தெரிவது அந்தக் கடிதங்களால். வரலாற்றுக்கு லாபம்தான். ஆனால் அந்தக் கடிதங்களில் நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நம் ஊர் அறைகளில்

இன்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, நோய், மரணம், இடமாற்றம், ஓய்வு எதனால் சிகிச்சை தடைப்பட்டாலும் அது தொடர்வதற்கு உளவியலாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது. அங்கே பலர் இதற்கென்றே தொழில்முறை உயில் எழுதிவைக்கிறார்கள்: நம்பகமான ஒரு சக உளவியலாளரின் பெயர், நோயாளிகளின் பட்டியல் இருக்கும் இடம், யாருக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும், பழைய கோப்புகளை என்ன செய்ய வேண்டும். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையும் தன் மருத்துவ ஆவணங்களைப் பார்க்கும் உரிமையும் கொடுத்திருக்கிறது. ஆனால் அலமாரியில் பூட்டிய கோப்பு, டாக்டர் போன பிறகு யார் கைக்குப் போகும் என்பதைத் தனி கிளினிக்கில் அவர் எழுதிவைத்தால்தான் உண்டு.

மனநல ஆலோசனைக்கு நம் ஊரில் இப்போதுதான் ஆட்கள் தயக்கமில்லாமல் போகத் தொடங்கியிருக்கிறார்கள். கிளினிக் தொடங்கி முப்பது நாற்பது ஆண்டு உழைத்த முதல் தலைமுறை உளவியலாளர்கள் ஓய்வு வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி புதியவர்களை ஏற்பதில்லை என்று ஒரு தேதி குறியுங்கள். இருப்பவர்களிடம் மாதங்களுக்கு முன்பே சொல்லுங்கள். அந்தப் பேச்சே சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஒப்படைக்க ஓர் இளையவரை இப்போதே அடையாளம் கண்டு, அவர் பெயரை எழுத்தில் வையுங்கள்.

ஆலோசனைக்குப் போய்க்கொண்டிருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று. நீங்கள் வர முடியாமல் போனால் நான் யாரிடம் போக வேண்டும், என் கோப்பு என்னவாகும் என்று அடுத்த முறை போகும்போது உங்கள் உளவியலாளரிடம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. திடீரென்று ஆள் இல்லாமல் தவிக்க நேர்ந்தால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.